கட்டுச்சோறும் கடன் சோறும்

(தலைப்பு: குடும்பச் சுற்றுலாவில் நிறைவைத் தருவது சிக்கனமா? தாராளமா? – துறையூர் மேடையில், ‘சிக்கனமே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் தாராளமாக வீற்றிருக்கும் நண்பர்களே! குடும்பம் குடும்பமாக வந்து அமர்ந்திருக்கும் துறையூர்ப் பெருமக்களே! தாய்மார்களே! 

எனக்கு முன்னால பேசின எதிரணி அம்மா ஒரு போடு போட்டுட்டுப் போனாங்க. “சிக்கனம் பேசுறவங்க எல்லாம் புளிசாதப் பார்ட்டி”ன்னாங்க. (சிரிப்பு) நான் மறுக்கலைங்கய்யா. நான் புளிசாதப் பார்ட்டிதான். இன்னிக்கு மத்தியானம் இந்த ஊர்ல நம்ம எல்லாருக்கும் போட்ட சாப்பாட்டுல புளிசாதம் இருந்துது. அந்தம்மா ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதை நான் என் கண்ணால பார்த்தேன். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: சாப்பாட்டு ரகசியத்தை மேடையிலே சொல்லப்படாது. அப்புறம் நான் எத்தனை தரம் வாங்கினேன்னு ஆரம்பிப்பீங்க! (சிரிப்பு)

ஐயா, உங்களை நான் எண்ணலை. எண்ணவும் முடியலை. (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வர்றேன். எதிரணித் தலைவர் வல்வில் ஓரியைக் கொண்டுவந்து எங்க முன்னால நிறுத்தினார். “கொல்லிமலை யார் மலை? கடையெழு வள்ளல்களிலே ஒருவனான ஓரியின் மலை! அந்த மலையடிவாரத்துல நின்னுக்கிட்டு சிக்கனம் பேசலாமா?” அப்படின்னு கேட்டார். நல்ல கேள்வி. புறநானூற்றிலே வன்பரணர் பாடுகிறார். காட்டுக்குள்ளே ஒரு வேட்டுவன். அவன் யார்னே பாணர்களுக்குத் தெரியாது. வந்தவங்களுக்கு வேட்டையாடின கறியைக் கொடுக்கிறான், தேனைக் கொடுக்கிறான், பொன்னும் மணியும் கொடுக்கிறான். அவன்தான் ஓரி.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ஓரி கொடுத்தது யாருடைய பொருள்? அவன் மலையிலே இருந்த தேன். அவன் வில்லுக்கு விழுந்த மான். ஓரி மனைவியின் சங்கிலியை அடகு வச்சுப் பாணனுக்கு விருந்து போட்டதா ஏதாவது ஒரு பாட்டு இருக்கா? (கைதட்டல்) இருக்கிறதைக் கொடுக்கிறவன் வள்ளல். இல்லாததைக் கடன் வாங்கிச் செலவழிக்கிறவன் கடனாளி. ரெண்டுக்கும் ‘தாராளம்’னு ஒரே பேர் வச்சுட்டாங்க. அங்கதான் குழப்பமே.

அடுத்து எதிரணி இளைஞர் வந்தார். “வாழ்க்கை ஒரு தடவைதான். கிரேக்க நாட்டுத் தீவிலே, கடலைப் பார்த்த ஓட்டல்ல, வெள்ளை வெளேர்னு இருக்கிற சுவருக்குப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்காத வாழ்க்கை என்ன வாழ்க்கை? இப்ப டூருக்கே இ.எம்.ஐ. உண்டு. முதல்ல போங்க, அப்புறம் கட்டுங்க”ன்னார். போகக் கூடாதுன்னு நாங்க சொல்லலை தம்பி! நல்லாப் போங்க. ஆனா எப்படிப் போறதுன்னு என் தங்கச்சி மகன்கிட்ட கேளுங்க. ஜெர்மனியில வேலை பார்க்கிறான். நக்சோஸ்னு ஒரு கிரேக்கத் தீவுக்குப் பொண்டாட்டி, பிள்ளையோட போயிட்டு வந்தான். “மாப்ளே, எவ்வளவுடா ஆச்சு?”ன்னு கேட்டேன். அவன் கணக்கை விட்டுட்டுக் கதையைச் சொன்னான்.

“மாமா, ஆகஸ்ட்டுல போகக் கூடாது. ஐரோப்பா முழுக்க லீவு விட்டுட்டு அங்கதான் இருக்கும். செப்டம்பர் கடைசியில போனா கடல் அதே கடல், வெதுவெதுன்னு இருக்கு. ரூம் வாடகை இறங்கிடும். சாண்டோரினியில எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த மாதிரி அறை எடுத்தா ஜன்னலுக்குத் தனிக் காசு. நான் நக்சோஸ்ல கடற்கரைக்கு ரெண்டு தெரு பின்னாடி, சமையலறையோட ஒரு ரூம் பிடிச்சேன். நடந்தா கடல். ஏதென்ஸ் துறைமுகத்துலேர்ந்து வேகப் படகு வேண்டாம்னு பெரிய கப்பல்ல ஏறினேன். அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். மேல்தளத்துல உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டே போகலாம். தீவுக்குள்ள பஸ். கடையில ரொட்டி, தக்காளி, பாலாடைக்கட்டி வாங்கிக் கையில கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவோம்.”

“ஏண்டா, இது நம்ம கட்டுச்சோறு இல்லையாடா?”ன்னேன்! (சிரிப்பு, கைதட்டல்) கிரேக்கத் தீவுக்கே போனாலும் நிம்மதியாத் திரும்பி வந்தவன் கட்டுச்சோத்தோட போனவன்தான் நடுவர் அவர்களே!

இங்கிருந்து போறவங்களுக்கு இன்னும் செலவு இருக்கு. ஐரோப்பிய விசாவுக்கு 2024 ஜூன்லேர்ந்து பெரியவங்களுக்குத் தலைக்கு 90 யூரோ. விசா கிடைக்கலைன்னாலும் அந்தப் பணம் திரும்பி வராது. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டணும். விமானத்துல ஏறுறதுக்கு முன்னாலேயே மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும். இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிப் பார்த்து, ரெண்டு மூணு வருஷம் சேர்த்து வச்சுப் போனா நான் மாலை போட்டு வழியனுப்புறேன். எழுதாமப் போனா, திரும்பி வந்தப்புறம் பேங்க்காரன் எழுதிக் காட்டுவான்.

நடுவர்: அது சரிங்க. அந்தக் காலத்துல யவனன் நம்ம முசிறிக்குக் கப்பல்ல வந்தானே, அவனும் கடன் வாங்கித்தானே வந்தான்? வியன்னாவுல ஒரு பாப்பிரஸ் ஒப்பந்தம் இருக்குங்கிறாங்களே?

ஐயா, இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். உண்மைதான். இரண்டாம் நூற்றாண்டு. எகிப்துல கிடைச்ச பாப்பிரஸ் தாள், கிரேக்க மொழியில எழுதினது. முசிறி வணிகத்துக்கு வாங்கின கடனுக்கான ஒப்பந்தம். அந்த முசிறி கேரளக் கடற்கரை முசிறி. இங்க காவிரிக்கரையில இருக்கிற நம்ம முசிறி இல்லை. ஆனா ஐயா, அவன் வாங்கின கடன் என்ன கடன்? வியாபாரக் கடன். போன காசு மிளகா திரும்பி வரும். நாம வாங்குற சுற்றுலாக் கடன் என்னவா திரும்பி வரும்? போட்டோவா வரும்! அந்தப் போட்டோவை எந்தச் சந்தையிலே விக்கிறது? (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! ஊரான் கதை போதும், என் கதையைச் சொல்றேன். நான் தனியார் பள்ளித் தமிழாசிரியன். திருச்சி உறையூர்ல குடியிருக்கேன். 2009ஆம் வருஷம் என் சம்பளம் 9,000 ரூபாய். அந்த வருஷக் கோடை விடுமுறையில பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கடற்கரை விடுதிக்குப் போயிட்டு வந்து ஆல்பம் காட்டினார். ஆல்பத்தை நான் சும்மா பார்த்தேன். என் வீட்டுக்காரி பெருமூச்சோட பார்த்தாங்க. (சிரிப்பு) அந்தப் பெருமூச்சு எனக்கு 25,000 ரூபாய்.

சங்கிலியை அடகு வச்சோம். கடலோரத்துல ஒரு விடுதி. பேர் வேண்டாம். ரெண்டு ராத்திரி. வீட்டுல நாங்க அஞ்சு பேர். நான், மனைவி, பொண்ணு, பையன், எங்க அம்மா. விடுதியில என்ன சொன்னாங்கன்னா, “ஒரு ரூமுக்குப் பெரியவங்க ரெண்டு பேர், சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர். அதுக்கு மேல ஒரு ஆள் வந்தா எக்ஸ்ட்ரா கட்டில். ஒரு ராத்திரிக்கு 800 ரூபாய்.” நான் யோசிச்சேன். எங்க அம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. பெத்தவங்களுக்கு நம்ம முகத்துல விலைப்பட்டியலே தெரியுமய்யா. “எனக்கு எதுக்குப்பா கடலு? நான் வீட்டைப் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க”ன்னாங்க.

அவங்க சொன்னதை நான் நம்பினேன். நம்புறது எனக்கு வசதியா இருந்துச்சு.

(அரங்கில் அமைதி)

போனோம். காலைப் பலகாரம் இலவசம்னு போட்டிருந்தாங்க. இலவசம் ரெண்டு பேருக்குத்தானாம், பிள்ளைங்களுக்குத் தனி பில். வரி தனி. சாப்பாட்டு அட்டையைக் கையில கொடுத்தா எல்லாரும் இடது பக்கம் இருக்கிற பலகாரத்தைப் படிப்பாங்க. நான் வலது பக்கத்தை மட்டும் படிச்சேன். (சிரிப்பு) ரெண்டாவது நாள் சாயங்காலம், ஆறு வயசுப் பையன், “அப்பா, இன்னொரு ஐஸ்கிரீம்”னான். 120 ரூபாய். கன்னத்துல ஒண்ணு வச்சேன் ஐயா. எதிர்ல அவ்வளவு பெரிய கடல். அதைக் காட்டத்தான் அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனேன். அவன் கடலைப் பார்க்கலை, கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னான். அப்புறம் எடுத்த குடும்பப் போட்டோ இன்னும் வீட்டுல இருக்கு. எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருக்கோம். அவன் ஒரு கன்னம் மட்டும் சிவந்திருக்கும்.

சங்கிலியைத் திருப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. வட்டி மட்டும் 4,500 ரூபாய். எங்கள் தாராளத்தின் வரலாறு இதோடு முடிந்தது.

இப்ப சிக்கனத்தின் வரலாறு. 2011, காலாண்டு விடுமுறை. “அப்பா, எங்கயாவது போகலாம்பா”ன்னு பிள்ளைங்க ஆரம்பிச்சுது. கையில இருந்தது 1,500 ரூபாய். பொண்ணு தன்னோட ரஃப் நோட்டை எடுத்து நடுவுல வச்சா. எல்லாரும் சுத்தி உட்கார்ந்தோம். ஆளுக்கு என்ன ஆசைன்னு ஒவ்வொருத்தரா கேட்டு எழுதினா. பையன் ‘மலை’ன்னான். பொண்ணு ‘பஸ்ஸுல ஜன்னல் சீட்டு’ன்னா. என் மனைவி, “ஒரு நாளைக்கு நான் அடுப்புப் பத்த வைக்கக் கூடாது”ன்னாங்க. (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) கடைசியா, “அப்பாயி, உனக்கு என்ன வேணும்?”னு பொண்ணு கேட்டா.

எங்க அம்மா கொஞ்ச நேரம் பேசலை. “என்னை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே கண்ணு”ன்னாங்க. அப்புறம் மெதுவா, “ஆத்துத் தண்ணியில ஒரு முங்கு முங்கணும். முசிறியில காவிரிக்கரையில பொறந்தவ நான். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பக்கெட்டுல குளிக்கிறேன்”னாங்க.

நாப்பது வருஷத்துக்கு மேல அந்த ஆசை எங்க வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கு. அதுக்கு விலை ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கேட்கத்தான் ஆளில்லை. நடுவர் அவர்களே! கடன் வாங்கிப் போன பயணத்தை முடிவு பண்ணினது பக்கத்து வீட்டு ஆல்பம். காசு எண்ணிப் போன பயணத்தை முடிவு பண்ணினது எங்க வீட்டு ஆளுங்க. காசு குறைச்சலா இருந்ததாலதான் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டி வந்துச்சு! (கைதட்டல்)

மலையும் வேணும், ஆறும் வேணும், பஸ்ஸும் போகணும். எங்கே? உங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற புளியஞ்சோலைதான்! (பலத்த கைதட்டல்) திருச்சியிலேர்ந்து 70 கிலோமீட்டர் சொச்சம். கொல்லிமலைக்கு மேல அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல ஓடுற அய்யாறு, ஆகாய கங்கையா 300 அடி உயரத்துலேர்ந்து விழுது. அதை மேல போய்ப் பார்க்கணும்னா நாமக்கல் பக்கம் போய் 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். அப்புறம் ஆயிரத்துக்கு மேல படி இறங்கணும், இறங்கினதை எல்லாம் திரும்ப ஏறணும். எங்க அம்மாவுக்கோ முட்டி வலி. ஆனா அதே தண்ணி பாறை பாறையாத் தாவி அடிவாரத்துக்கு வந்து புளியஞ்சோலையில ஓடுது. அம்மா மலை ஏற வேண்டாம், மலைத்தண்ணி இறங்கி வந்து அம்மா காலைத் தொடும். (கைதட்டல்)

நோட்டுல எழுதின கணக்கைச் சொல்றேன், வேணும்னா குறிச்சுக்குங்க. பஸ்ஸுக்கு 300. கட்டுச்சோத்துக்குச் சாமான் 250. தின்பண்டம் 150. ஆளுக்கு 40 ரூபாய் கைச்செலவு, அஞ்சு பேருக்கு 200. அந்த நாப்பதை என்ன பண்ணினேன்னு யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அது சட்டம். மீதி 600, ‘அவசரம்’னு எழுதித் தனியா முடிஞ்சு வச்சோம். திட்டம்னா இந்த அவசரத்துக்கும் ஒரு வரி இருக்கணும். இல்லேன்னா அது திட்டம் இல்லை, ஆசை.

முதல் நாள் ராத்திரியே புளிசாதம் கிளறியாச்சு. நான்தான் கிளறினேன். மறுநாள் மனைவி அடுப்புப் பத்த வைக்கக் கூடாதில்லையா? (கைதட்டல்) விடியக்காலை சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல ஏறி, துறையூர்ல மாறி, உப்பிலியபுரம் வழியா போய் இறங்கினோம். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல்னா நிக்க இடம் இருக்காது. நாங்க போனது ஒரு புதன்கிழமை. மரநிழல், பாறை, கண்ணாடி மாதிரி தண்ணி. ஆழம் தெரியாத மடுவுப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன். முழங்கால் அளவு தண்ணியில, புடவையோட, எங்க அம்மா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு முங்கு முங்கி எழுந்தாங்க பாருங்க... அறுபத்தெட்டு வயசு அம்மா எழுந்திரிக்கலை ஐயா. பாவாடை தாவணிப் பொண்ணு எழுந்துச்சு. நான் அதுவரைக்கும் பார்க்காத எங்க அம்மா. பேரப்பிள்ளைங்க மேல தண்ணியை வாரி அடிச்சாங்க. காவிரியில எந்தப் படித்துறையில நீச்சல் கத்துக்கிட்டோம், யார்கிட்ட அடி வாங்கினோம்னு அன்னிக்குச் சொன்ன கதை எதுவும் எனக்கே தெரியாத கதை.

மூணு மணி இருக்கும். எங்க தலைக்கு மேல மழை இல்லை. மலைக்கு மேல இருட்டிக்கிட்டு இருந்துது. தெளிஞ்ச தண்ணி திடீர்னு செம்மண் கலர்ல வருது. சருகும் சுள்ளியும் மிதந்து வருது. ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர், “எல்லாரும் மேல ஏறுங்க! மேல மழை, தண்ணி வருது!”ன்னு சத்தம் போட்டார். பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு, அம்மாவைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கரை ஏறினோம். கால்மணி நேரத்துல, நாங்க உட்கார்ந்து சாப்பிட்ட பாறையைக் காணோம். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற தாய்மார்களுக்குச் சொல்றேன். அடிவாரத்துல வெயில் அடிச்சாலும் மலையைப் பார்த்துக்கிட்டே குளிங்க. தண்ணி நிறம் மாறினா சோப்பைத் தேடாதீங்க, கரையைத் தேடுங்க.

அப்புறம் மழை கீழேயும் பிடிச்சுது. பஸ் வரலை. நாலு குடும்பமாச் சேர்ந்து ஒரு வேன் பிடிச்சுத் துறையூர் வந்தோம். எங்க பங்கு 150 ரூபாய். மணி எட்டரை. மழை கொட்டுது. அம்மாவுக்கு உடம்பு நடுங்குது. திருச்சிக்கு பஸ் இருக்கு, ஆனா ஈரத்துணியோட எப்படிக் கூட்டிட்டுப் போறது? நான் வழக்கம்போல யோசிக்க ஆரம்பிச்சேன். என் மனைவி, “ஏங்க, அவசரம்னு ஒரு வரி எழுதினோமே, இதைவிட என்னங்க அவசரம்?”னு கேட்டாங்க.

இந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன லாட்ஜ். ஒரு ரூம் 400 ரூபாய். ஒரே கட்டில். நோட்டுப் புத்தகத்துல கையெழுத்துப் போடச் சொன்னாங்க. நான் பேனாவை அம்மா கையில கொடுத்தேன். “ரூம் அம்மா பேர்ல எழுதிக்குங்க”ன்னேன். எங்க அம்மா ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாங்க. கட்டில் அம்மாவுக்கு. நாங்க நாலு பேரும் தரையில பாய். விளக்கை அணைச்சப்புறம் இருட்டுல அம்மா குரல்: “ஏம்ப்பா, இதுதான் லாட்ஜா? நல்லாத்தான் இருக்கு.”

கடலோரத்துல 25,000 ரூபாய் செலவழிச்சப்ப எங்க அம்மாவுக்கு ஒரு கட்டில் கிடைக்கலை. 1,500 ரூபாய்ப் பயணத்துல கிடைச்சுது நடுவர் அவர்களே!

(நீண்ட கைதட்டல்)

மறுநாள் காலையில அவசரத்துல மிச்சம் 50 ரூபாய். எல்லாருக்கும் டீயும் பன்னும். பஸ் ஏறப் போறப்ப அம்மாவைக் காணோம். தேடினா, வளையல் கடையில நிக்கிறாங்க. தன்னோட நாப்பது ரூபாய்க்கும் கண்ணாடி வளையல் வாங்கி என் மனைவி கையில போட்டாங்க. மாமியார் மருமகளுக்கு வளையல் போட்ட அதிசயம் இதே துறையூர்ல நடந்துது ஐயா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அந்த வளையல் இருக்கா, உடைஞ்சுதா?

வளையல் உடைஞ்சுது. உறவு உடையலை. (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் ஐயா, ஒரே நிமிஷம். கட்டின அந்த 4,500 ரூபாய் வட்டியில நாங்க மூணு தடவை புளியஞ்சோலை போயிருக்கலாம். வள்ளுவர், வரவு சிறிசா இருந்தாலும் கேடில்லை, செலவு பெருக்காம இருந்தாப் போதும்னு சொல்றார். அதை எந்த அதிகாரத்துல வச்சார்? ‘வலியறிதல்’ அதிகாரத்துல வச்சார்! தன் பலம் என்னன்னு அறிஞ்சு நடக்கிறதைச் சொல்ற அதிகாரம் அது. கணக்குப் பார்க்கிறது கஞ்சத்தனமா இருந்தா அங்க ஏன் வைக்கணும்? தன் பலம் தெரிஞ்சவன்தான் கூட வர்றவங்களையும் பத்திரமாக் கூட்டிட்டுத் திரும்புவான்.

எங்க அம்மா 2016இல் காலமானாங்க. அவங்க டிரங்குப் பெட்டியை ஒழிச்சப்ப, மடிச்சு மடிச்சு நைஞ்சு போன ஒரு சீட்டு இருந்துது. அந்த லாட்ஜு ரசீது. 400 ரூபாய். அவங்க பேர் போட்டது. அவங்க பேர்ல எந்தக் காலத்துலேயும் எங்க வீட்டுல ஒரு பத்திரமோ பட்டாவோ இருந்ததில்லை. அவங்க பேர்ல இருந்த ஒரே காகிதம் அதுதான்.

ஆகவே நடுவர் அவர்களே! பெரியோர்களே! கிரேக்கத் தீவோ, புளியஞ்சோலையோ, எங்க வேணும்னாலும் போங்க. கிளம்பறதுக்கு முன்னால ஒரு ரஃப் நோட்டை நடுவுல வச்சு, வீட்டுல இருக்கிற எல்லாரையும் சுத்தி உட்கார வைங்க. முக்கியமா, “நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்”னு சொல்றவங்களைக் கேளுங்க. அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட வைக்கிற சிக்கனமே குடும்பச் சுற்றுலாவுக்கு நிறைவைத் தருகிறது என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு விடைபெறுகிறேன். 

(நீண்ட கைதட்டல்)